முகாம் சோறு: கொண்டுபோவதா, அங்கேயே வடிப்பதா, பொதியாகக் கொடுப்பதா?

1900 இல், தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட ஏறத்தாழ 5,000 போயர் யுத்தக் கைதிகளைப் பிரித்தானியர் இலங்கை மலைநாட்டின் தியத்தலாவைக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகைகளில் அடைத்தார்கள். நல்ல காற்றுக்குப் பேர்போன மலை. ஆனாலும் சில மாதங்களுக்குள் நெருப்புக் காய்ச்சல் முகாமில் பரவிப் பலரைக் கொன்றது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1898 ஸ்பானிய-அமெரிக்கப் போரின்போது, கடலே தாண்டாத அமெரிக்கப் படைமுகாம்களில் 20,738 பேருக்கு அதே காய்ச்சல் கண்டு 1,590 பேர் இறந்ததாக இராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் விசாரணைக் குழு கணக்கிட்டது. எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் அதைவிட மிகக் குறைவு. மலக்குழியிலிருந்து சமையற்கட்டுக்கு ஈயும் கையும் போய்வந்ததே காரணம்.

ஒரு படைப்பிரிவு மலையில் பயிற்சிக்குப் போனாலும், மண்சரிவுக்குப் பிறகு பாடசாலையில் நானூறு பேர் தங்கினாலும், சாப்பாட்டுக்கு வழி மூன்றுதான். பெரிய சமையலறையில் ஆக்கி லொறியில் அனுப்பலாம், அந்த இடத்திலேயே அடுப்பு மூட்டலாம், அல்லது மூடி முத்திரையிட்ட பொதிகளைக் கொடுக்கலாம். செலவு, ருசி, ஆள்பலம் என்று எதை வைத்தும் ஒப்பிடலாம். நான் ஒப்பிடுவது சோறு அடுப்பிலிருந்து வாய்க்கு வர எடுக்கும் நேரத்தை வைத்து.

நம் மக்களுக்கு மிகவும் பிடித்தது முதல் வழி. பண்டாரவளையில் விடியற்காலை நான்கு மணிக்குச் சோறும் பருப்பும் கறியும் தயாராகி, பார்சலாகக் கட்டப்பட்டு, ஆறு மணிக்கு லொறி ஏறும். ஹப்புத்தளைக்கு அப்பால் ஒரு மண்மேடு சரிந்திருந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் கைக்குக் கிடைக்கும். சுடச்சுடக் கட்டிய பார்சல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, வெதுவெதுப்பாகவே பத்து மணித்தியாலம் கிடந்திருக்கும். "இந்தக் குளிரில் சோறு எப்படி ஐயா கெடும்?" என்று கேட்பார்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை. கிருமி பெருகும் எல்லையோ 5 பாகையிலிருந்து 60 வரை. அண்டாவின் விளிம்பில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். வெப்பமானியின் கம்பியை நடுச்சோற்றில் இறக்கினால் 45 பாகை காட்டும். குளோஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்ற பற்றீரியாவுக்கு அதுதான் பொன்னான வெப்பநிலை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இராணுவச் சமையலறைகளிலும் சிறைகளிலும் பெரிய அண்டாவில் ஆக்கிய இறைச்சிக் கறியால் வரும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் இதுவே பொறுப்பு.

திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. பெருகிய பெர்பிரின்ஜென்ஸ் 75 பாகைச் சூட்டில் சாகும். ஆனால் ஆறிய சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்ற பற்றீரியா விட்டுவைக்கும் வாந்தி நஞ்சு கொதியிலும் அழியாது. கையிலிருக்கும் புண்ணிலிருந்து வரும் ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியாவின் நஞ்சும் அப்படித்தான். அதனால் பார்சலுக்குள் தேங்காய்ச் சம்பலை வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கையால் பிசைந்த, அடுப்பைக் காணாத ஒன்றைச் சூடான சோற்றின் பக்கத்தில் வைத்துக் கட்டுவதைவிட மோசமான ஏற்பாட்டை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பார்சலை விட்டுவிட்டு, சூடு காக்கும் இரட்டைச் சுவர்ப் பெட்டிகளில் மொத்தமாக அனுப்பினால் இந்த வழியும் பிழைக்கும். படைகள் அப்படித்தான் செய்கின்றன. கொதிநீர் ஊற்றிப் பெட்டியை முதலில் சூடாக்கி, கொதிக்கக் கொதிக்க நிரப்பி, போய்ச் சேரும்போது 60 பாகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குறைந்து எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாவிட்டால் கொட்டிவிட வேண்டும். பசித்த கூட்டத்தின் முன்னால் சோற்றைக் கொட்டும் துணிச்சல் அதிகாரிக்கு வரும், தொண்டருக்கு வராது.

இரண்டாவது வழியில் நேரம் நம் பக்கம். அடுப்பிலிருந்து தட்டுக்கு அரை மணி நேரம் போதும். கிரிமியப் போரின்போது சமையற்கலைஞர் அலெக்சிஸ் சொயர் செய்துகொடுத்த கள அடுப்பை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரித்தானியப் படை கைவிடவில்லை என்றால் காரணம் இல்லாமல் இல்லை. எந்த விறகிலும் எரியும், மழைக்கும் அணையாது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகச் சற்று நேரமாகும், அவ்வளவுதான்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. மலை ஊற்று சுத்தமானது என்ற நம்பிக்கை நமக்கு இரத்தத்தில் ஊறியது. பீலித் தண்ணீர் அமிர்தம்தான், மேலே லயத்து மலசலகூடமோ மாட்டுப்பட்டியோ இல்லாதவரை. கன மழைக்குப் பின் கலங்கிய நீரில் குளோரினைப் போட்டால் சேறே அதைத் தின்றுவிடும். முதலில் தெளியவிட்டு வடிகட்டிய பின்னரே குளோரின். கூடவே சமையலாளுக்குச் சவர்க்காரமும் கைகழுவத் தனிக் குழாயும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் அடுப்பு மூட்டுவது, தியத்தலாவைக் கதையை மறுபடி எழுதுவதுதான்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முத்திரையிட்ட பிறகே அழுத்தத்தில் ஏறத்தாழ 121 பாகைக்குச் சூடாக்கப்படுவதால் வித்திகளும், அதாவது கொதியையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் கிருமி வடிவங்களும், உயிரோடு மிஞ்சுவதில்லை. மைசூரில் இருந்த இந்தியப் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் இத்தகைய பொதிகளைப் பல வகையாக உருவாக்கியது. எளிய வடிவம் டின் மீனும் பிஸ்கட்டும்; சாப்பிடுகிற நேரத்தில் திறந்து, மிச்சத்தை வைக்காமல் முடித்தால் கிட்டத்தட்ட ஆபத்தே இல்லை. ஆனால் சிப்பாய்களுக்குக்கூட 21 நாளுக்கு மேல் பொதி உணவை மட்டும் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கப் படையின் விதி. பால்குடிக்கும் பிள்ளையோடு வரும் தாய்க்கும் பல் போன தாத்தாவுக்கும் மூன்றாம் நாளே அது சலித்துவிடும்.

ஆகவே என் தெரிவு இது. பாதை அடைபட்ட முதல் இரண்டு நாள் பொதி; தண்ணீரும் சவர்க்காரமும் உறுதியானதும் அங்கேயே அடுப்பு; லொறிச் சோறு என்றால் பெட்டியும் வெப்பமானியும் உள்ளவர்களிடமிருந்து மட்டும். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் சரிந்தபோது மக்கள் தங்கியது போன்ற பாடசாலைகளுக்கும் இதே வரிசை பொருந்தும்.

ஒரு விடயத்தில் மட்டும் படையை நம்மால் எட்ட முடியவில்லை. சமையற்காரருக்கு வயிற்றோட்டம் என்றால் இராணுவத்தில் அவரை அன்றைக்கே அடுப்பிலிருந்து விலக்குவார்கள், சம்பளம் குறையாது. நம் பக்கம் அண்டா கிண்டுபவர் நாட்கூலிக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது வருவார். முகாமுக்கான செலவுப் பட்டியலில் அரிசி, பருப்பு, விறகுக்கு அடுத்த வரியாக, நோயாளியாக வீட்டிலிருக்கும் சமையற்காரரின் அன்றைய கூலியையும் எழுதிக்கொள்ளுங்கள்.