ஆயுள் சந்தா கட்டிய செயலியில் தமிழ்99 காணாமல் போனது: விசைப்பலகையைப் புதுப்பிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். செங்கல்பட்டிலிருந்து எழும்பூர் வரையிலான மின்சார ரயில் பயணத்தில் அன்றைய வேலையில் பாதியைக் கைப்பேசியிலேயே முடித்துவிடுவது வழக்கம். அதற்காகவே 4 ஆண்டுகளுக்கு முன், ‘ஒருமுறை கட்டினால் போதும், எல்லா வசதிகளும் ஆயுள் முழுவதும் உங்களுக்கு’ என்ற அறிவிப்பை நம்பி, ஒரு விசைப்பலகைச் செயலிக்கு 350 ரூபாய் கட்டினேன். அந்த ‘எல்லா வசதிகளிலும்’ எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, தமிழ்99 அமைப்பு. கடந்த மாதம் ஒரு நாள் காலையில் ரயிலில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தபோது அது அங்கே இல்லை. இரவு மின்னூட்டத்தில் கிடந்த நேரத்தில் செயலி தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே சொல்லவில்லை.

ஒரு விசைப்பலகை அமைப்புக்கு இத்தனை புலம்பலா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட அமைப்பு தமிழ்99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் அடித்துவிடலாம். அதன் அழகு தானியங்கிப் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங-வை அடுத்துக் க, ந-வை அடுத்துத் த, ன-வை அடுத்து ற என்று இன எழுத்துகள் வரும்போதும் அப்படியே. ‘நன்றி’ என்று எழுத ந, ன, ற, இ என்ற நான்கு தட்டல்கள் போதும். பழகிய கைக்கு விசையைப் பார்க்கவே வேண்டாம்.

புதிய பதிப்பில் இருந்ததோ ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை மட்டும்தான். அதைக் குறை சொல்லவில்லை. என் மகள் அதில்தான் மின்னல் வேகத்தில் எழுதுகிறாள். ஆனால் மூன்று லகரத்தையும் மூன்று நகரத்தையும் செயலியின் ஊகத்துக்கு விட்டுவிட்டு மெய்ப்புத் திருத்த முடியாது. அன்றைக்கே ஒரு ஊர் வரலாற்று நூலின் திருத்தப் பட்டியலில் ‘அரசினர் உயர்நிலைப் பல்லி’ என்று என் கையாலேயே அனுப்பி வைத்தேன். பதிப்பாளர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அமைப்புகள் பகுதியைத் துழாவியபோது ‘பாரம்பரிய அமைப்புகள்’ என்ற புதிய தலைப்பின் கீழ்ப் பூட்டுச் சின்னத்தோடு தமிழ்99 கிடந்தது. அதைத் திறக்க மாதம் 49 ரூபாய் கட்ட வேண்டுமாம். ஆயுள் முழுவதற்கும் கட்டிய 350 ரூபாய் எதற்கு என்பதற்கு அந்தப் பக்கத்தில் விளக்கம் இல்லை. இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது, ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலிக்குரிய பக்கத்தில் மூன்றாவது படமாக இன்னும் தமிழ்99 விசைப்பலகையே, எந்தப் பூட்டும் இல்லாமல், காட்சிக்கு வைக்கப்பட்டிருந்ததுதான்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில், ‘செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள், சரியாகிவிடும்’ என்றது. இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். ஆண்ட்ராய்டில் ஒரு செயலியை நீக்கினால், தனியாகக் காப்புப் படி எடுக்கப்படாத அதன் தரவுகள் அனைத்தும் அதனோடு போய்விடும். ‘மாஆ’ என்று அடித்தால் ‘மாவட்ட ஆட்சியர்’, ‘பகு’ என்றால் ‘பதிப்பாசிரியர் குறிப்பு’ என விரியும்படி 4 ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 2,000 சுருக்கெழுத்துகள், ஊர்ப்பெயர்கள், கல்வெட்டுச் சொற்கள் எல்லாம் ஒரே நொடியில் அழிந்தன. மீண்டும் நிறுவிய செயலியில் பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. நீக்கினால் சொற்பட்டியல் அழியும் என்பது செயலியை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. இனி உதவிப் பிரிவு எதைச் சொன்னாலும், சொற்பட்டியலைக் கோப்பாக வெளியே எடுத்து வைக்காமல் செயலியை நீக்காதீர்கள்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று அடுத்து நினைத்தேன். ப்ளே ஸ்டோர் பழைய பதிப்பைத் தருவதில்லை. ஏதோ ஒரு தளத்தில் அதன் நிறுவல் கோப்பு கிடைத்தது, தரவிறக்கியும் விட்டேன். புதிதாக ஒரு விசைப்பலகையை இயக்கும்போது, நீங்கள் அடிக்கும் கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்பட எல்லாவற்றையும் இதனால் திரட்ட முடியும் என்று ஆண்ட்ராய்டே ஓர் எச்சரிக்கை காட்டும். வழக்கமாகப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தும் அந்த வாசகத்தை அன்று நிதானமாகப் படித்தேன். யார் கைவைத்தார்கள் என்று தெரியாத கோப்பை விசைப்பலகையாகப் போட்டுக்கொண்டு அதிலேயே வங்கிக் கடவுச்சொல்லையும் அடிப்பது, வீட்டுச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்குச் சமம். கோப்பை அழித்துவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழியும் குறுகலாகவே இருந்தது. கூகுளிடம் நேரடியாகக் கேட்க வாங்கியதிலிருந்து 48 மணி நேரம்தான். அதன் பிறகு செயலியை உருவாக்கியவரிடமே போக வேண்டும். அவர்களோ ‘பயனர் அனுபவத்தை எளிமைப்படுத்தியிருக்கிறோம்’ என்று ஒரே வாக்கியத்தை மூன்று முறை அனுப்பினார்கள். கடைசியில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தேன். ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவதும், சந்தா வலையில் சிக்க வைப்பதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்யும் 13 வகை ஏமாற்று உத்திகளில் அடங்குகின்றன என்பதைப் புகாரில் எழுதி, படங்களையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன். நல்லவேளையாக அந்த 4 ஆண்டுப் பழைய ரசீது மின்னஞ்சலில் அழியாமல் இருந்தது.

இதே செயலியையோ இது போன்றதையோ வைத்திருப்பவர்கள், ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, தானாகப் புதுப்பிக்கும் தேர்வை அந்த ஒன்றுக்கு மட்டும் எடுத்துவிடலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகும் என்பதால் எல்லாச் செயலிகளுக்கும் அப்படிச் செய்யாதீர்கள். புதுப்பிக்கும் முன் அண்மைய விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். எனக்கு நேர்ந்ததை எனக்கு முன்பே பலர் ஒற்றை நட்சத்திரத்தோடு அங்கே எழுதி வைத்திருந்தார்கள்.

இப்போது தமிழ்99-உம், ஆங்கில எழுத்தில் அடிக்கும் ‘அஞ்சல்’ முறையும் உள்ள ‘செல்லினம்’ என்ற விசைப்பலகைச் செயலிக்கு மாறி, சொற்பட்டியலை முதலிலிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்றோடு 140 சொற்கள். புகாருக்கு இன்னும் பதில் இல்லை. இன்று காலை பார்த்தபோதும் ப்ளே ஸ்டோரில் அந்த மூன்றாவது படம் அப்படியே இருந்தது.