கிளின்வார்: அம்மாவோட பிஆர்சிஏ ரிப்போர்ட்ட வச்சுத் தேடினதுல தெரிஞ்சது

அம்மாவுக்கு மார்பக கேன்சர், ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சுது. பெரியம்மாவும் இதே நோய்லதான் போனாங்க, அதனால டாக்டர் ஜீன் டெஸ்ட் எழுதினார். தர்மபுரில ஒரு கலெக்‌ஷன் சென்டர்ல ரத்தம் குடுத்தோம், சில வாரம் கழிச்சு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்துச்சு, வெளக்கிச் சொல்ல ஒரு ஆள் இல்ல. மூணாவது பக்கத்துல பிஆர்சிஏ2ன்னு மார்பக கேன்சரோட தொடர்புள்ள ஒரு ஜீன் பேரு, பக்கத்துலயே வியூஎஸ். அதாவது மாற்றம் இருக்கு, கெடுதலா இல்லையான்னு இன்னும் தெரியல. அம்மா "உனக்கும் குடுத்துட்டனா கண்ணு"ன்னு கேட்டாங்க, எனக்கு வாயே வரல.

அன்னிக்கு நைட்டே கிளின்வார்ல தேடினேன். எந்த ஜீன் மாற்றம் கெடுதல், எது இல்லன்னு லேப்புங்க சொன்னத சேர்த்து வைக்கிற எடம் இது, அமெரிக்க அரசோட என்சிபிஐங்கற நிறுவனம் 2013லேர்ந்து நடத்துற வெப்சைட், காசு கிடையாது, லாகினும் வேணாம். ரிப்போர்ட்ல சி-புள்ளின்னு ஆரம்பிக்கிற கோட அப்படியே போடணும், நான் ஒரு நம்பர மாத்திப் போட்டு வேற ஏதோ மாற்றத்துக்கு "நோய் உண்டாக்கும்"னு வந்தத பார்த்து அரைமணி நேரம் அழுதுட்டேன், அதனால ரெண்டு தடவ சரி பாருங்க. முக்கியமா ஸ்டார பாருங்க. ஒரு ஸ்டார்னா ஒரே லேப் சொன்னதா இருக்கலாம், இல்லன்னா லேப்புகளுக்குள்ளயே கருத்து ஒத்துப்போகாததா இருக்கலாம், மூணு ஸ்டார்னா நிபுணர் குழு பார்த்தது. எங்களுக்கு ஒண்ணுதான்.

அப்புறம் ரெவெல், ஆல்ஃபாமிஸ்சென்ஸ்னு, மாற்றம் கெடுதலா இல்லையான்னு கம்ப்யூட்டர் கணிக்கிற ஸ்கோரும் பார்த்தேன். ரெண்டாவது கூகுள் டீப்மைண்ட் 2023ல விட்டது, 7 கோடிக்கு மேல மாற்றத்துக்கு ஸ்கோர் இருக்கு. எங்களுக்கு ரெண்டும் ரெண்டு மாதிரி சொல்லுச்சு. பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய் ஜெனடிக் கவுன்சிலர பார்த்தப்பதான் புரிஞ்சுது, அமெரிக்க மரபணு மருத்துவர்கள் அமைப்பான ஏசிஎம்ஜியோட 2015 விதிமுறைல இந்த மாதிரி கணிப்புக்கு துணை ஆதாரம்ங்கற எடம்தான், அத மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாது. மாற்றம் கெட்டதுன்னு உறுதியானா பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் அந்த மாற்றம் வந்திருக்க 50 சதவீதம் வாய்ப்பு, ஆனா வியூஎஸ்ஸ வச்சு யாரும் ஆபரேஷன் பண்ணிக்க வேண்டியதில்ல, பின்னாடி மாத்திச் சொல்றப்ப பெரும்பாலும் கெடுதல் இல்லன்னுதான் வருதாம். எனக்கு பெரியம்மா, அம்மா ஹிஸ்டரிய வச்சு செக்கப் எழுதிக் குடுத்தாங்க.

கிளின்வாருக்கு என் மார்க் 5க்கு 4. ஒண்ணு குறைச்சது, எல்லாம் இங்கிலீஷ், பாலக்கோட்டுல தக்காளி தோட்டத்துல இருக்குற எங்க அத்தைங்க யாரும் தனியா படிச்சுக்க முடியாது. டெஸ்ட்டுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடியே "ரிசல்ட்ட எடுத்துச் சொல்ல கவுன்சிலர் உண்டா"ன்னு கேட்டுடுங்க, நாங்க கேக்காம விட்டுட்டோம்.