இடுப்பு மூட்டுக்கு முழுக்க செராமிக்கா, செராமிக்கும் பிளாஸ்ரிக்குமா?

வெள்ளவத்தையில இடுப்பு மூட்டு மாத்தப்போற தெரிஞ்ச ஆக்கள் என்னட்ட கேக்கிறது ஒண்டுதான், பந்து (தொடையெலும்புத் தலைக்குப் பதிலாப் போடுறது), லைனர் (பந்து சுழலுற கப்புக்குள்ள இருக்கிற உள்படை) ரெண்டையும் செராமிக்கிலயே போடுறதா, இல்லாட்டி செராமிக் பந்தும் பிளாஸ்ரிக் லைனரும் போடுறதா எண்டு. எனக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு தொடையெலும்புத் தலை செத்துப்போய் ஐம்பது வயசை ஒட்டி ஒப்பரேசன் நடந்தது, நான் போட்டது ரெண்டாவது வகை. என்ர சாய்வு அந்தப் பக்கம்தான், அதைத் தெரிஞ்சுகொண்டு வாசியுங்கோ.

வலி போறது, நடை, படி ஏறுறது எல்லாம் ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான். மெட்டலோட மெட்டல் உரசுற வகை வேண்டவே வேண்டாம், 2010ல ஏஎஸ்ஆர் எண்ட அந்த வகை மூட்டுகளைக் கொம்பனி சந்தையில இருந்து திருப்பி எடுத்ததோட அதுக்கு இருந்த நம்பிக்கை போட்டுது.

முழுச் செராமிக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு எண்டால் தேய்மானம்தான். பழைய பிளாஸ்ரிக் வருசத்துக்கு 0.1 மில்லிமீற்றர் மட்டில தேயும், அந்தத் தூளை உடம்பு எதிர்க்கப் போய் சுத்தியிருக்கிற எலும்பு கரைஞ்சு மூட்டு ஆடத் தொடங்கும். 1970ல பிரான்ஸில பூத்தான் எண்ட டொக்டர் செராமிக்குக்குப் போனது இதுக்காகத்தான், செராமிக்கோட செராமிக் உரசினால் தேயிறது மைக்ரோன் கணக்கில. ஆனா 1990களின்ர கடைசியில கதிர்வீச்சால இறுக்கின புது பிளாஸ்ரிக் வந்து தேய்மானம் நல்லாக் குறைஞ்சு போச்சு, அதோட அந்த வாதத்தில பாதிப் பாரம் இறங்கிட்டு.

என்னை முடிவெடுக்க வைச்சது, ரெண்டாவது ஒப்பரேசன் வந்தால் என்ன செய்யிறது எண்ட யோசனை. 2019ல லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்த கணக்குப்படி 25 வருசம் தாக்குப்பிடிச்ச இடுப்பு மூட்டு 58 சதவீதம் மட்டில, ஐம்பதில போட்டால் திரும்ப மேசையில ஏற வேண்டி வரலாம் எண்டு நினைச்சுத்தான் தெரிவு செய்யவேணும். பிளாஸ்ரிக் தேய்ஞ்சு, லைனரைத் தாங்குற வெளிக்கப் எலும்பில உறுதியா இருந்தால், அனேகமா லைனரையும் பந்தையும் மாத்திப்போட்டு மூடிவிடலாம். செராமிக் உடைஞ்சால் கதை வேற, துண்டுகள் தசைக்குள்ள பரவும், சுத்தி இருக்கிற சவ்வை எல்லாம் சுரண்டி எடுக்கவேணும், எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும், அதுக்குப் பிறகு மெட்டல் பந்து போட்டால் மிஞ்சின தூள் அதை அரைச்சு, அதில இருக்கிற கோபால்ற் எண்ட உலோகம் ரத்தத்தில ஏறி இதயம், கண், காது வரைக்கும் பாதிக்கப்பட்ட ஆக்கள் இருக்கினம். உடையிறது அபூர்வம் எண்டதையும் சொல்லத்தான் வேணும். இங்கிலாந்தில மூட்டு மாத்தினதுகளைப் பதியிற பதிவேட்டுக் கணக்கில புது ரோஸ் நிறச் செராமிக்கில பந்து உடையிறது பத்தாயிரத்தில ஒண்டு, லைனர் உடையிறது ஆயிரத்தில ஒண்டு மட்டில. என்ர பந்தும் செராமிக் எண்டதால அந்தச் சின்ன ஆபத்து எனக்கும் இருக்கு, லைனருக்கான ஆபத்துத்தான் இல்லை.

கப் கொஞ்சம் சரிஞ்சு பொருந்தினால் முழுச் செராமிக் விளிம்பில உரசி கிறீச் எண்டு சத்தம் போடும், சிலருக்கு அது நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் கேக்கும். பிளாஸ்ரிக் அந்தப் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கோயில்ல சம்மணம் கட்டி இருக்கிற, குந்தி இருக்கிற பழக்கம் உள்ள எங்களுக்கு இது சின்ன விசயமில்லை, ஏனெண்டால் இடுப்பு அவ்வளவு மடங்கேக்க ஸ்டெம்மின்ர (தொடையெலும்புக்குள்ள இறக்கிற தண்டு) கழுத்து லைனர் விளிம்பில முட்டலாம். (நான் இப்ப கதிரையிலதான் இருக்கிறன், சேர்ஜன் சொன்னதை மீறேல்ல.)

முப்பது வயசு ஆளெண்டால் நான் இவ்வளவு உறுதியாச் சொல்ல மாட்டன். கொரியாவில இளம் ஆக்களுக்கு முழுச் செராமிக் போட்டு நீண்டகாலம் பாத்ததில நல்ல முடிவு வந்திருக்கு, நாப்பது வருசம் ஓட வேண்டிய மூட்டுக்கு தேய்மானம் பெரிய கணக்குத்தான். என்ர மூட்டுக்கும் இன்னும் வயசு போகேல்ல, எக்ஸ்ரே நல்லா இருக்கு எண்ட அளவுக்குத்தான் என்ர அனுபவம்.

எதைப் போட்டாலும் ஒண்டு செய்யுங்கோ, பெட்டியில வாற ஸ்ரிக்கரின்ர கொப்பி ஒண்டை ஆஸ்பத்திரியில கேட்டு வாங்குங்கோ. கொம்பனி, சைஸ், லொட் நம்பர் எல்லாம் அதில இருக்கும். லைனர் அந்தக் கப்புக்குப் பொருந்தினதாத்தான் இருக்கவேணும், இருபது வருசத்தில கொழும்பு ஏஜென்ட் மாறியிருப்பான், நீங்கள் பிள்ளையளோட ரொறன்ரோவில இருப்பியள், அங்க திறக்கப்போற சேர்ஜனுக்கு உள்ளுக்க என்ன இருக்கு எண்டு சொல்ல அந்தத் துண்டுதான் கையில இருக்கும்.