கென்டக்கி மூதாதையர்: மக்கள்தொகை ஏடா, வரிப் பட்டியலா?

1790-களில் அமெரிக்காவின் கென்டக்கி எல்லைப்புறத்தில் குடியேறிய மூதாதையரைத் தேடுவோர் முதலில் புரட்ட நினைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான். அங்கேயே முட்டிக்கொள்வார்கள்: அப்பகுதியின் 1790, 1800 ஏடுகள் மிஞ்சவில்லை. 1810 ஏடு கிடைக்கிறது. ஆனால் அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே. மனைவி மக்கள் எல்லாம் வயதுவாரியான வெறும் எண்ணிக்கை.

வரிப் பட்டியல் பார்க்க வறட்சியானது, ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை அல்ல, ஆண்டுதோறும் எழுதப்பட்டது. 21 வயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள், குதிரைகள், நிலத்தின் ஏக்கர், பெரும்பாலும் அருகே ஓடும் ஓடையின் பெயரும் உண்டு. ஒரே பெயரில் இருவர் இருந்தால் அந்த ஓடைதான் காப்பாற்றும். ஒருவர் பெயர் வருவது நின்று, மறு ஆண்டு அதே நிலம் ஒரு பெண்ணின் பெயரில் வந்தால் முன்பிருந்தவர் இறந்திருக்கலாம். புதிதாக ஓர் ஆணின் பெயர் முளைத்தால் மகனுக்கு 21 ஆகியிருக்கலாம். இந்த ‘லாம்’ முக்கியம். ஒஹாயோ ஆற்றைத் தாண்டி பக்கத்து இண்டியானாவுக்குப் போய்விட்டவர்களும் பட்டியலிலிருந்து இப்படித்தான் மறைந்தார்கள்.

கணவன் உயிரோடிருந்த பெண்களைத் தேடினால் இரண்டுமே கைவிரிக்கும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களையோ இரண்டும் பெரும்பாலும் தலை எண்ணியதோடு சரி.