பளபளக்கும் வள்ளுவரா, மங்கிய வள்ளுவரா?

1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளியான திருவள்ளுவர் ஐந்து ரூபாய் நாணயத்தை ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அண்மையில் ஒரு கண்காட்சி மேசையில் இரண்டு சேர்ந்தே கிடைத்தன. இரண்டும் பலர் கை பட்டுப் புழங்கியவை. ஒன்று பளபளவென்று மின்னியது, மற்றது சாம்பல் பூத்துக் கிடந்தது. மின்னியதற்குக் கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். நான் மங்கியதை வாங்கி வந்தேன். “காசு கொடுத்து அழுக்கை வாங்கினியா?” என்று அக்கா இன்னும் கேலி செய்கிறார்.

எடை, அளவில் பேச எதுவும் இல்லை. இரண்டும் 9 கிராம், 23 மில்லிமீட்டர். விளிம்பின் நடுவே ஓடும் பள்ளம் இரண்டிலும் சரியாக இருந்தது. போலி என்ற சந்தேகம் எழவில்லை.

தேய்மானத்தில் பளபளப்பானதுதான் ஒரு படி மேல், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்க முகப்பில் முதலில் தேய்வது மேடான இடங்கள்: நடுச் சிங்கத்தின் நெற்றி, மூக்கு, பிறகு பிடரி. மங்கிய காசில் நெற்றி தட்டையாகிவிட்டது, பிடரிக் கோடுகள் மட்டும் தெரிகின்றன. கடைக்காரர் அதை எக்ஸ்.எஃப். (லேசாக மட்டும் தேய்ந்த தரம்) என்றார், என் கணக்கில் நல்ல வி.எஃப். (அதற்கு ஒரு படி கீழான தரம்), அதற்கு மேல் போகாது. மின்னிய காசில் மூக்கே தெரிந்தது.

அப்புறம் ஏன் அதை விட்டேன்? விளக்கடியில் சாய்த்துப் பார்த்ததால்தான்.

காசை விளிம்பில் பிடித்து ஒற்றை விளக்குக்குக் கீழே மெல்லத் திருப்ப வேண்டும். அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதால் நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. அவை மிச்சமிருந்தால் ஒளி ஒரு கீற்றாகச் சுழன்று வரும். அதுதான் லஸ்டர். மங்கிய காசில் எழுத்துகளின் இடுக்குகளில் அந்தக் கீற்று கொஞ்சம் ஒளிந்திருந்தது. பளபளப்பானதில் கீற்றே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுக்க ஒரே வெளிச்சம். லென்ஸை வைத்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள். யாரோ பாத்திரம் துலக்குகிற பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எழுத்துகளின் அடியில் வெள்ளையாகப் பொடியும் ஒட்டியிருந்தது.

இது செம்பு 75, நிக்கல் 25 விழுக்காடு கலந்த உலோகம். சாம்பல் நிறம் காலப்போக்கில் தானாகப் படிவது, அது குறையில்லை. தேய்த்துப் போன மேற்பரப்போ திரும்ப வராது. விற்கப் போகும்போது இங்கேதான் அடி விழும். விவரம் தெரிந்தவர் கையில் வாங்கியதும் முதலில் சாய்த்துத்தான் பார்ப்பார். “கிளீன் பண்ணின காசு” என்று சொல்லிவிட்டால் மூக்கு தெரிகிறது, பிடரி தெரிகிறது என்ற பேச்செல்லாம் எடுபடாது. என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற தரச்சான்று நிறுவனங்களும் இப்படித் தேய்த்த காசுக்கு வழக்கமான 1 முதல் 70 வரையிலான எண்ணைக் கொடுக்காமல், ‘டீடெயில்ஸ்’ என்று எழுதிக் காரணத்தைக் குறிப்பிட்டுவிடுகின்றன. மங்கியதற்குப் பெரிய விலை வராது, ஆனால் வி.எஃப். என்று சொன்னால் சண்டை இல்லாமல் கைமாறும்.

நான் சொல்வது இந்தச் செம்பு-நிக்கல் காசுகளுக்கு. அதே மாநாட்டுக்கு வந்த இரண்டு ரூபாய்க்கும் பொருந்தும். எஃகுக் காசுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவற்றில் லஸ்டரையும் தேய்த்த பளபளப்பையும் பிரித்துச் சொல்ல என் கண் இன்னும் தடுமாறுகிறது. கையில் பணம் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு யூ.என்.சி. (புழக்கத்துக்கே வராத காசு) ஒன்றுக்குக் காத்திருப்பதே மேல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மங்கியதில் பிசுக்கு இருந்தால்கூடத் தேய்க்க மாட்டேன். சுத்த அசிட்டோனில் முக்கி எடுத்து, துடைக்காமல் காய விடுவேன், அவ்வளவுதான். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும் என்பதால் மைலார் என்ற பாலியெஸ்டர் உறைதான்.

மேசையில் வைத்துக் காட்ட மட்டும் காசு வேண்டும், விற்கும் எண்ணமே இல்லை என்பவர் பளபளப்பானதை எடுக்கலாம். ஆனால் கூடுதல் விலைக்கு வேண்டாம். மங்கியதைவிடக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸை எடுத்ததுமே கடைக்காரர் பாதி இறங்கி வந்துவிடுவார்.