பாசியால் பச்சை பிடித்த தண்ணீருக்கு ஜியோலைட் வாங்கலாமா?

மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் விட்டிருப்பவர்களிடம் தண்ணீர் பச்சை பிடித்ததும் கடைக்காரர் நீட்டுவது ஜியோலைட் மூட்டையைத்தான். "இயற்கைக் கல்லுங்க, பாசியை எடுத்துரும்" என்பார். இயற்கைக் கல் என்பது உண்மை. பாசியை எடுக்கும் என்பது வியாபாரம்.

இந்தக் கல் பிடிப்பது அம்மோனியத்தை, அதாவது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் ஒரு வடிவத்தை. பாசி பெருகக் காரணம் பெரும்பாலும் பாஸ்பேட் என்ற சத்து. அதை இது தொடாது. சரி, அம்மோனியாவாவது குறையுமா? ஏக்கருக்கு 25 கிலோ போடச் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கர் குட்டையில் 40 லட்சம் லிட்டர் நிற்கும். கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடிக்கிற நல்ல கல் என்றே வைத்துக்கொண்டாலும் லிட்டருக்குக் குறைவது 0.06 மில்லிகிராம். சோதனைக் கிட்டில் நிறம்கூட மாறாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் கிடையாது. சோடியம் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். பாசி முற்றிய குட்டையில் மதியம் 3 மணிக்குக் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 9-ஐத் தாண்டும். அப்போது அம்மோனியாவில் கிட்டத்தட்ட பாதி, கல்லில் ஒட்டாத நச்சு வடிவத்துக்கு மாறியிருக்கும்.

அந்தக் காசுக்கு வைக்கோல் மேல். வெளிநாட்டில் பார்லி வைக்கோலுக்குச் சொல்லும் கணக்கு சதுர மீட்டருக்கு 10 முதல் 25 கிராம், அதாவது ஏக்கருக்கு 40 முதல் 100 கிலோ. நெல் வைக்கோலுக்குக் கீழ் அளவிலிருந்து தொடங்குங்கள். மெஷினில் கட்டிய வைக்கோல் கட்டுகளை அப்படியே தள்ளினால் நடுவில் காற்றில்லாமல் நாறும். உதறிப் பிரித்து வெங்காய வலைப்பையில் தளர்வாக அடைத்து, காலி கேன் கட்டி மேல்மட்டத்திலேயே மிதக்க விடவேண்டும். நம்மூர் வெயிலுக்கு ஓரிரு வாரத்தில் வேலை தொடங்கும். ஆனால் இது புதுப்பாசியைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே திரண்டதைக் கொல்லாது; ஆகவே பாசி ஏறுவதற்கு முன்பே போடவேண்டும். அளவு மீறினால் அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடும், விடிகாலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஏரேட்டர் (தண்ணீருக்குக் காற்றூட்டும் கருவி) இல்லாதவர்கள் இதில் கவனம்.

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை குடத்துக்குச் சரி, குளத்துக்கு ஆகாது. வெட்டிவேரை நட்டு மிதக்கவிடும் மிதவை நல்லதுதான், தழையை வெட்டிக் கரையேற்றினால் மட்டும். வண்டியூர், செல்லூர் மாதிரி சாக்கடை வந்து சேரும் கண்மாயில் வரத்தை அடைக்காமல் எதைப் போட்டாலும் வீண்.

மூட்டை வாங்கியாயிற்றா? தூள் போக அலசி வலைத்துணியில் கட்டி, மீன்குஞ்சு ஏற்றிப்போகும் நல்ல தண்ணீர் டிரம்மில் போடுங்கள். அங்கே தண்ணீர் கொஞ்சம், அம்மோனியா அதிகம். கல்லுக்கு வேலை இருக்கிறது.