மூன்று அட்டவணை, ஒரே வீடு: எம்.எஃப்.ஏ-வா, ஸ்டாட்டிஸா, புரோகிரஸ்டீஸா?

செல்லூர், கே.கே.நகர், திருமங்கலம் பக்கம் 150 வீடுகளில் மளிகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் அட்டவணையில் மாத அளவுகள், 8 பத்தி: அரிசி, நல்லெண்ணெய், காபித்தூள் இப்படி. இரண்டாவதில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட 20 கருத்துக் கேள்விகள். மூன்றாவது, எதை எங்கே வாங்குகிறார்கள்: ரேஷன் கடை, தெருமுனை மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட், வாரச்சந்தை. இப்படிப் பல அட்டவணைகளைச் சேர்த்து அலச எம்.எஃப்.ஏ, ஸ்டாட்டிஸ், புரோகிரஸ்டீஸ் என்று மூன்று புள்ளியியல் முறைகள் உண்டு. எதை எடுப்பது?

முதல் இரண்டையும் ஒட்டி நேரே பி.சி.ஏ (பல பத்திகளில் உள்ள வேறுபாட்டைச் சில அச்சுகளில் சுருக்கும் முறை; முதல் அச்சுதான் அதிக வேறுபாட்டைக் காட்டும்) போட்டால், 20 பத்தி உள்ள கருத்து அட்டவணை முதல் அச்சைப் பிடித்துக்கொள்ளும். அரிசியும் எண்ணெயும் ஓரத்துக்குப் போய்விடும். மூன்றாவதில் எண்ணே இல்லை, அதைச் சேர்க்கவும் வழியில்லை.

இந்த வேலைக்கு எஸ்கோஃபியே, பாஜெஸ் இருவரும் உருவாக்கிய எம்.எஃப்.ஏ-வைத்தான் (மல்டிபிள் ஃபேக்டர் அனாலிசிஸ்) முதலில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு அட்டவணையையும் தனியாக அலசி, அதன் முதல் ஐகன் மதிப்பின் (முதல் அச்சு எவ்வளவு வேறுபாட்டை அள்ளுகிறது என்று சொல்லும் எண்) வர்க்கமூலத்தால் பத்திகளை வகுக்கிறது. கருத்து அட்டவணைக்கு அந்த மதிப்பு 6.25 வந்தால் 2.5-ஆல், அளவு அட்டவணைக்கு 2.56 வந்தால் 1.6-ஆல். அதன்பின் எந்த அட்டவணையும் தனியாக முதல் அச்சைத் தீர்மானிக்க முடியாது. மூன்றையும் சேர்த்த அலசலில் முதல் ஐகன் மதிப்பு 3-ஐ நெருங்கினால் மூன்றும் ஒரே போக்கைச் சொல்கின்றன. 1-ஐ ஒட்டி நின்றால் பொதுப்போக்கு இல்லை. ஆர் மென்பொருளின் ஃபேக்டோமைன்ஆர் தொகுப்பில் எண் உள்ள பத்திகளுக்கு ‘எஸ்’, வகைப் பத்திகளுக்கு ‘என்’ என்று குறிக்க வேண்டும்.

எம்.எஃப்.ஏ கெடுவது இரண்டு இடத்தில். பத்திகளுக்குள் தொடர்பே இல்லாத அட்டவணைக்கு முதல் ஐகன் மதிப்பு சிறிதாக இருக்கும். சிறிய எண்ணால் வகுப்பதால் வெறும் இரைச்சல் பெரிதாகிவிடும். அதனால் தனி அலசலின் படங்களைப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. அடுத்தது அரிதான வகைகள்: 3 வீடு மட்டுமே வாரச்சந்தை என்று சொல்லியிருந்தால் அந்த மூன்றும் ஒரு அச்சையே இழுத்துக்கொண்டு போகும். பக்கத்து வகையோடு சேர்த்துவிடுங்கள்.

ஸ்டாட்டிஸ் வேறு வழியில் போகிறது. அட்டவணைகளுக்கிடையே ஆர்.வி கெழுவை (இரண்டு அட்டவணைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) கணக்கிட்டு, மற்றவற்றோடு ஒத்துப்போகும் அட்டவணைக்கு அதிக எடை தருகிறது. அதே 150 வீடுகளை மாதாமாதம் கேட்டால், எந்த மாதம் மற்ற மாதங்களிலிருந்து விலகியது என்று காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் தீபாவளி மாதம் தனித்து நின்றால் அதற்குத்தான் எடை குறையும். பழக்க ஆய்வில் நாம் தேடுவதே அந்த விலகலாக இருந்தால், எல்லா மாதங்களையும் எடைபோட்டுச் சேர்த்த பொதுப்படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வரிசை குறைவாகவும் பத்தி அதிகமாகவும் இருந்தால் ஆர்.வி தானாகவே உயர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புரோகிரஸ்டீஸ் ருசி பார்க்கும் ஆய்வுக்கு உரியது. ஆறு கடை ஜிகர்தண்டாவைப் பத்துப் பேர் அவரவர் சொல்லில் மதிப்பிடும்போது, ஒவ்வொருவர் மதிப்பெண்ணிலிருந்து கிடைக்கும் படத்தையும் நகர்த்தி, சுழற்றி, சுருக்கிப் பொருத்துகிறது. தாராளமாக மதிப்பெண் போடுபவரும் கஞ்சத்தனமாகப் போடுபவரும் ஒரே தளத்துக்கு வருவார்கள். ஆனால் ஆறே மாதிரிகள் என்றால் தாறுமாறான எண்களைக் கொடுத்தாலும் ஓரளவு பொருந்தவே செய்யும். மாதிரிகளின் வரிசையைப் பல நூறு முறை கலைத்து ஓட்டி, உண்மையான பொருத்தம் அதைவிடக் கூடுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எதை எடுத்தாலும், ஓட்டுவதற்கு முன் எல்லா அட்டவணையையும் வீட்டு எண்ணை வைத்து ஒரே வரிசையில் அடுக்குங்கள். ஒரு வீடு ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தால் மென்பொருள் பிழை காட்டாது. அழகான படத்தை வரைந்து கொடுத்துவிடும்.